டாட்டூ மெஷினை ஓட்டும் சின்ன இடைவெளி

நியூயார்க்கில் பச்சை குத்திவந்த சாமுவேல் ஓ'ரெய்லி, 1891 டிசம்பர் 8 அன்று மின்சார டாட்டூ மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். மூல யோசனை எடிசனுடையது. 1876இல் அவர் காப்புரிமை வாங்கிய மின்பேனா, மோட்டாரால் துடிக்கும் ஊசியைக் கொண்டு தாளில் துளையிட்டு ஸ்டென்சில் தயாரித்தது. அலுவலகப் பிரதி எடுக்கப் பிறந்த கருவி அது. அதைத் தோலுக்குத் தோதாக மாற்றி, மை தங்கும் குழாயையும் பொருத்தியது ஓ'ரெய்லியின் சாமர்த்தியம்.

இன்று கடைகளில் ரீங்கரிக்கும் காயில் (கம்பிச்சுருள்) மெஷின் வேறு வழியில் வந்தது. அதே ஊரின் சார்லி வாக்னர் 1904இல் காப்புரிமை பெற்ற மின்காந்த மெஷினின் வாரிசு. பழைய காலிங் பெல்லுக்குள் இருக்கும் ஏற்பாடுதான் இதிலும். மின்சாரம் பாய்ந்ததும் இரண்டு காயில்களும் காந்தமாகி, மேலே உள்ள இரும்புப் பட்டையான ஆர்மேச்சரைக் கீழே இழுக்கும். ஊசி இறங்கும். அதே நொடியில் ஆர்மேச்சரின் முன் ஸ்பிரிங், மின்சாரம் கடக்கும் கான்டாக்ட் ஸ்க்ரூவை விட்டு விலக, மின்சுற்று அறுந்து காந்தம் செத்துவிடும். பின் ஸ்பிரிங் ஆர்மேச்சரைத் தூக்கிவிட, மறுபடி தொடர்பு. நொடிக்கு நூறு தடவை போல இது நடக்கும்.

ஆர்மேச்சரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தால் ஸ்க்ரூவுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். மெஷினின் குணமே அதில்தான். கோடு போடும் லைனருக்குச் சுமார் 1.5 மி.மீ.; நிழல் போடும் ஷேடருக்கு 2 மி.மீ.யோ சற்று அதிகமோ. இடைவெளி குறைந்தால் ஊசி வேகமாகவும் குட்டையாகவும் அடிக்கும்.

சுற்று அறும்போதெல்லாம் காயிலில் தேங்கிய ஆற்றல் ஸ்க்ரூ முனையில் தீப்பொறியாக வெடிக்கும். அதை வாங்கிக்கொள்ளத்தான் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர். லைனரில் பெரும்பாலும் 22, ஷேடரில் 47 மைக்ரோஃபாரட் கொள்ளளவு. அது பழுதானால் பொறி பெரிதாகி முனை கருகிக் குழி விழும், ஓட்டமும் தடுமாறும். பலர் உடனே வோல்டேஜைக் கூட்டுவார்கள், குழிதான் ஆழமாகும்.

இந்த ஊசி சிரிஞ்சு அல்ல, உள்ளே துளை கிடையாது. கூட்டாகப் பற்றவைத்த ஊசிகளின் இடுக்கில் மை ஒட்டிநிற்கும்; குத்திய துளை வழியே உள்ளே இறங்கும். சேர வேண்டிய ஆழம் 1 முதல் 2 மி.மீ., அதாவது மேல்தோலுக்கு அடியிலுள்ள உள்தோல். அங்கே மைத்துகளை விழுங்கிய நோயெதிர்ப்புச் செல்கள் அதைச் செரிக்க முடியாமல் வைத்துக்கொள்வதால்தான் நிறம் நிலைக்கிறது. மேலாகக் குத்தினால் தோல் உரியும்போது மையும் போய்விடும், மறுபடி குத்திக்கொள்ளலாம். கொழுப்புப் படலம் வரை இறக்கிவிட்டாலோ கோட்டைச் சுற்றி நீலமாகக் கசியும். அதை அழிக்க லேசர்தான் வேண்டும்.