வெய்வர் என்றால் தள்ளுபடியா, விலக்கா, தளர்வா?

2017 ஆகஸ்ட் கடைசியில், அமெரிக்காவின் டெக்சாஸில் ஹார்வி புயல் அடித்த நேரத்தில், அங்கே டாலஸில் இருக்கும் அத்தை மகன் போன் செய்தான். "மாப்ள, இங்க கேஸ் ஸ்டேஷன்ல எல்லாம் குழாய் மேல பிளாஸ்டிக் பையைக் கட்டி விட்டுட்டாங்க, ஒண்ணுலயும் பெட்ரோல் இல்ல. ஆனா வெய்வர் குடுத்துட்டாங்களாம், ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும்னு சொல்றாங்க." போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா, அதாவது அவன் அப்பா, நிமிர்ந்து பார்த்து, "அட, பெட்ரோல் காசைத் தள்ளுபடி பண்ணிட்டானா? பரவாயில்லையே!" என்றார்.

மாமாவைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊரில் 'லோன் வெய்வர்' என்றால் கடன் தள்ளுபடி, 'ஃபீஸ் வெய்வர்' என்றால் கட்டணம் கட்ட வேண்டாம், ஆக வெய்வர் என்றாலே காசு மிச்சம் என்று காது பழகிவிட்டது. ஆனால் டெக்சாஸில் அன்று யாருக்கும் ஒரு சென்ட் கூட மிச்சமாகவில்லை. அங்கே விட்டுக்கொடுத்தது காசை இல்லை, பெட்ரோல் எப்படி இருக்க வேண்டும் என்ற விதியை.

முதலில் அந்த ஆங்கிலச் சொல்லின் கதை. வெய்வர் (waiver) என்பது சட்டத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த சொல். இங்கிலாந்து நீதிமன்றங்களில் ஒரு காலத்தில் புழங்கிய பிரெஞ்சு வழியாக வந்தது. கைவிடுதல், உரிமை கோராமல் விட்டுவிடுதல் என்று பொருள். இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு: 'வெய்ஃப்'. திருடன் துரத்தப்படும்போது வழியில் போட்டுவிட்டு ஓடும் பொருளுக்கு அந்தப் பெயர். உடையவன் விரட்டிப் பிடித்து உரிமை கோராவிட்டால் அந்தப் பொருள் மன்னருக்குப் போகும். பின்னாளில் நாதியற்ற குழந்தையையும் அப்படியே அழைத்தார்கள். இதைவிட விசித்திரம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் சட்டத்துக்குக் கட்டுப்படுவோம் என்று ஊர்க்குழுவில் உறுதிமொழி எடுத்தவர்கள் ஆண்கள் மட்டுமே, அதனால் ஓர் ஆணைச் 'சட்டத்துக்கு வெளியே' தள்ள முடியும். பெண்தான் உள்ளேயே இல்லையே, அவளை எப்படி வெளியே தள்ளுவது? எனவே அவளை 'வெய்வ்' (waive) செய்தார்கள், அதாவது கைவிட்டார்கள். கையசைப்பதைக் குறிக்கும் 'வேவ்' (wave) என்ற சொல் வேறு குடும்பம், ஒலி ஒன்றுதானே தவிர உறவு கிடையாது. ஆங்கிலக்காரர்களே இரண்டையும் மாற்றி எழுதித் திட்டு வாங்குவார்கள்.

சரி, பெட்ரோலில் விதி என்ன வேண்டிக் கிடக்கிறது என்று கேட்கலாம். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

பெட்ரோல் ஒரே திரவம் இல்லை, பல சரக்கு சேர்ந்த கலவை. அதில் ஒன்று பியூட்டேன், நம் சமையல் சிலிண்டரில் புரொப்பேனோடு கலந்து வருகிறதே அதே பொருள்தான். விலை மலிவு, சட்டென்று ஆவியாகும். பனிக்காலத்தில் எஞ்சின் முதல் உதையிலேயே பற்றிக்கொள்ள இந்த ஆவியாகும் குணம் தேவை, அதனால் குளிர்காலப் பெட்ரோலில் பியூட்டேனைத் தாராளமாகச் சேர்ப்பார்கள். வெயில் காலத்தில் அதே பெட்ரோலை ஊற்றினால் டேங்கிலிருந்தும் குழாய் முனையிலிருந்தும் ஆவி கிளம்பி, வாகனப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வெயிலில் வினைபுரிந்து, தரைமட்டத்தில் ஓசோனாக மாறி மூச்சை அடைக்கும். வானத்து ஓசோன் நமக்குக் குடை, தெருவோர ஓசோன் நஞ்சு. அதனால் அமெரிக்காவில் கோடைப் பெட்ரோலின் ஆவி அழுத்தத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 37.8 டிகிரி செல்சியஸில் அளந்தால் சதுர அங்குலத்துக்கு 9 பவுண்டு, காற்று மோசமான சில பகுதிகளில் 7.8. குளிர்கால வகை சில இடங்களில் 15 வரை போகும். சில்லறை விற்பனையில் இந்தக் கோடைக் கட்டுப்பாடு ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை. அது போக, ஹூஸ்டன், டாலஸ் மாதிரியான நகரங்களில் காற்று மாசு குறையும்படி தயாரித்த 'மறுவடிவப் பெட்ரோல்' என்று தனியாக ஒரு வகைதான் விற்க வேண்டும். பக்கத்து மாவட்டத்துச் சரக்கை லாரியில் ஏற்றி வந்து ஊற்ற முடியாது.

இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். அட்லாண்டிக் புயல் பருவம் தொடங்குவதும் ஜூன் 1, அது உச்சத்தில் இருப்பது ஆகஸ்ட் பிற்பாதியும் செப்டம்பரும். விதி இறுக்கமாக இருக்கும் நாட்களில்தான் புயலும் வந்து நிற்கிறது. ஹார்வி 2017 ஆகஸ்ட் 25 இரவு டெக்சாஸின் ராக்போர்ட் பக்கம் கரையைக் கடந்தது, அப்புறம் நகராமல் அங்கேயே நின்று நாள்கணக்கில் கொட்டியது. நாட்டின் மொத்தச் சுத்திகரிப்புத் திறனில் ஏறக்குறைய கால்பங்கு நின்றுபோனது. ஹூஸ்டனிலிருந்து நியூஜெர்சி வரை எண்ணெய் கொண்டுபோகும் கலோனியல் குழாய்த்தொடருக்கும் அந்த முனையில் ஏற்றச் சரக்கு இல்லை. டாலஸில் வெள்ளமே வரவில்லை, ஆனால் 'தீர்ந்துவிடும்' என்ற பேச்சு வந்துவிட்டது, உடனே ஊரே வண்டியை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றது. பேச்சு பாதி, தட்டுப்பாடு பாதி.

அந்த நேரத்தில் எங்கேயோ ஒரு கிடங்கில் குளிர்கால வகையோ வேறு பகுதிக்கான வகையோ கிடக்கும். ஊற்றினால் வண்டி ஓடும், ஆனால் விற்றால் குற்றம். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் வெய்வர். அதைக் கொடுப்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, தூய காற்றுச் சட்டத்தின் கீழ். அந்த அதிகாரம் சட்டத்தில் எழுதிச் சேர்க்கப்பட்ட நேரம் சுவாரசியமானது: 2005 ஆகஸ்ட் 8 அன்று அதிபர் புஷ் எரிசக்திக் கொள்கைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார், மூன்றே வாரத்தில், ஆகஸ்ட் 29 அன்று, கத்ரீனா புயல் வந்துவிட்டது. மை காய்வதற்குள் வேலை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுப்பதும் நினைத்தபடி இல்லை. புயல், குழாய் உடைப்பு, ஆலைக் கோளாறு என்று முன்கூட்டி எதிர்பார்த்திருக்க முடியாத காரணமாக இருக்க வேண்டும். வியாபாரி சரியாகத் திட்டமிடாமல் சரக்கு வாங்கி வைக்கவில்லை என்றால் அது காரணமாகாது. எரிசக்தித் துறையைக் கலந்து பேச வேண்டும். எவ்வளவு சின்னப் பகுதிக்குக் கொடுத்தால் போதுமோ அவ்வளவுக்குத்தான். நாள் கணக்கு அதிகபட்சம் 20. அதற்குள் தீராவிட்டால் திரும்பவும் புதிதாக ஒன்று போட வேண்டும். ஹார்வியின்போது டெக்சாஸில் சில மாவட்டங்களில் தொடங்கி, ஒரே வாரத்தில் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு விரிந்தது.

இப்போது தமிழுக்கு வருவோம். இதைத் தமிழில் எழுதுகிறவர்கள் கை முதலில் போவது 'விலக்கு' என்ற சொல்லுக்கு. வரிவிலக்கு, நீட் விலக்கு என்று தினமும் பார்க்கிறோம், எனவே 'எரிபொருள் விலக்கு', 'பெட்ரோல் விலக்கு' என்று போட்டுவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். மதுவிலக்கு என்றால் என்ன? மதுவுக்கு அனுமதியா, தடையா? பெட்ரோல் விலக்கு என்று தலைப்புப் போட்டால் ஊருக்குள் பெட்ரோலுக்கே தடை என்று படிக்கிற ஆள் நிச்சயம் இருப்பார்.

விலக்கு என்ற சொல்லின் பழைய முகம் தடைதான். 'அறமாவது மனு முதலிய நூல்களில் விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும் ஆம்' என்று பரிமேலழகர் குறள் உரைக்கு முன்னால் எழுதுகிறார். அங்கே விதி என்றால் செய் என்று சொன்னது, விலக்கு என்றால் செய்யாதே என்று தள்ளியது. ஒதுக்கி வைப்பதுதான் அடிப்படைப் பொருள். குடிமக்களிடமிருந்து மதுவை ஒதுக்கினால் மதுவிலக்கு, ஒருவரை வரியிலிருந்து ஒதுக்கினால் வரிவிலக்கு. எதை எதிலிருந்து ஒதுக்குகிறோம் என்பதைச் சொல்லே காட்டாது, படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். மதுரைக்குத் தெற்கே பஸ்ஸில் போனவர்களுக்கு இன்னொரு விலக்கும் தெரியும்: "விலக்குல நிப்பாட்டுங்க" என்றால் பெரிய சாலையிலிருந்து ஊருக்குப் பிரியும் இடம். அதுவும் அதே ஒதுங்கல்தான்.

'விதிவிலக்கு' சரியாக வருமா என்றால், அது வேறு சரக்கு. விதிவிலக்கு என்பது விதியோடு சேர்ந்தே பிறப்பது, நிலையானது. இதே பெட்ரோல் சட்டத்தில் நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது: 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஆவி அழுத்த வரம்பில் 1 பவுண்டு கூடுதலாகச் சட்டமே அனுமதிக்கிறது. புயல் வந்தாலும் வராவிட்டாலும் அது உண்டு. அதற்கு விதிவிலக்கு என்ற பெயர் கச்சிதம். புயலுக்காக 20 நாளைக்குக் கொடுப்பதை அந்தப் பெயரில் அழைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

மாமாவின் 'தள்ளுபடி'யும் ஆகாது, ஏன் என்று காட்ட சிவப்பு டீசல் ஒன்று போதும். டிராக்டர், ஜெனரேட்டர் மாதிரி சாலையில் ஓடாத எந்திரங்களுக்கு வரி இல்லாத டீசல் உண்டு. அடையாளத்துக்குச் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். அதை லாரியில் ஊற்றிச் சாலையில் ஓட்டிப் பிடிபட்டால் அபராதம். 2017இல் இர்மா புயல் ஃபுளோரிடாவை அடித்தபோது அமெரிக்க வருமான வரித் துறை இந்த அபராதத்தைச் சில நாளைக்கு விட்டுக்கொடுத்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: கேலனுக்கு 24.4 சென்ட் சாலை வரியைக் கட்டிவிட வேண்டும். விதி தளர்ந்தது, வரி தள்ளுபடி ஆகவில்லை. ஆங்கிலத்தில் எல்லாமே வெய்வர், தமிழில் நமக்குத் தனித்தனிச் சொல் இருக்கிறது. பணத்துக்குத் தள்ளுபடி, ஆளுக்கு விலக்கு, தனக்குள்ள உரிமையை ஒருவர் தானே விட்டால் உரிமைத் துறப்பு. இருக்கிற வளத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் விலக்கு என்று ஒரே முத்திரையைக் குத்துவது சோம்பேறித்தனம் என்பேன்.

விதிக்கு என்ன சொல்? தளர்வு. 2020இலும் 2021இலும் 'தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு' என்று அரசே நம்மைப் பழக்கிவிட்டது, அரசு வேலை விளம்பரங்களில் 'வயது வரம்பில் தளர்வு' பல காலமாக இருக்கிறது. தளர் என்பது கட்டும் கயிறும் பிடியும் சார்ந்த சொல். தளர்ந்த கயிறு அறுந்த கயிறு இல்லை, திரும்ப இழுத்தால் இறுகும். செப்டம்பர் 15 வரை என்று தேதி போட்ட ஓர் ஆணைக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எனக்குத் தெரியவில்லை. ஒரே குறை, தளர்வு என்பது தானாக நடப்பது போல ஒலிக்கும்: உடல் தளர்வு, மனத் தளர்வு, குழந்தையின் தளர்நடை. இங்கே ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டுச் செய்கிறார், எனவே இலக்கணப்படி 'தளர்த்தல்' இன்னும் சரி. செய்தித் தலைப்பில் தளர்வு, வாக்கியத்துக்குள் 'விதியைத் தளர்த்தியது' என்று எழுதினால் இரண்டு பக்கமும் நியாயம் செய்தாகிவிடும்.

இன்னொன்று, இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது. அதே இர்மாவின்போது ஃபுளோரிடா மின்நிலையங்களுக்கு முகமை ஒரு கடிதம் கொடுத்தது: மாசு வரம்பை மீறினாலும் குறிப்பிட்ட நாள் வரை நடவடிக்கை எடுக்க மாட்டோம் என்று. அங்கே விதி தளரவே இல்லை, அப்படியே இருக்கிறது, அமலாக்குகிறவர்கள்தான் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார்கள். இதற்கு நம்மிடம் 'கண்டும் காணாமல் விடுதல்' என்று தயாராகவே இருக்கிறது, அதுவும் எழுத்து மூலமாக!

'தற்காலிக' என்ற அடைமொழி வேண்டுமா? வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அது வடமொழி 'தத்கால' வழி வந்தது, ரயிலில் அடித்துப் பிடித்து எடுக்கிறோமே தட்கல் டிக்கெட், அதற்கு நேர் உறவு. அந்தந்த நேரத்துக்கானது என்று பொருள். 'இடைக்கால' என்று மாற்றினால் நீதிமன்ற இடைக்காலத் தடை போல, இறுதித் தீர்ப்பு ஒன்று பின்னால் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இந்தத் தற்காலிகமும் எப்போதும் தற்காலிகமாக இருப்பதில்லை. 15 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு நான் மேலே சொன்ன 1 பவுண்டு சலுகை கிடையாது, எனவே பல மாநிலங்களில் கோடையில் விற்க முடியாது. உக்ரைன் போரைக் காரணம் காட்டி 2022 கோடையில் அதற்கு 20 நாள் தளர்வு கொடுத்தார்கள், முடிந்ததும் இன்னொரு 20 நாள், அப்புறம் இன்னொன்று, இப்படியே செப்டம்பர் 15 வரை ஓட்டினார்கள். அடுத்தடுத்த கோடைகளிலும் அதே கதை. புயலுக்கு என்று கட்டிய கதவு, புயல் இல்லாத நாளிலும் திறந்து கிடக்கிறது.

கடைசியாக ஒரு சின்ன எச்சரிக்கை. 'விதித் தளர்வு' என்று எழுதும்போது நடுவில் இருக்கும் 'த்'தை விழுங்கி 'விதி தளர்ந்தது' என்கிற மாதிரி எழுதினால், யாருக்கோ தலையெழுத்து மாறிவிட்டது போல இருக்கும், ஏனென்றால் நம் ஊரில் விதி என்றால் முதலில் நெற்றிதான் ஞாபகத்துக்கு வரும். அந்தச் சங்கடம் வேண்டாம் என்றால் 'விதிமுறை' என்றே போடலாம். டாலஸ் செய்தியை இன்று நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'ஹார்வி புயல்: டெக்சாஸில் பெட்ரோல் விதிமுறைகளில் தற்காலிகத் தளர்வு'. மாமாவிடம் படித்துக் காட்டினேன். "அப்ப காசு குடுக்கணுமா?" என்றார். "குடுக்கணும் மாமா" என்றேன்.