ஒரு பழைய பேரிங்கும் ஹைபிரிட் காரும்

போன மாதம் அம்மாவோடு புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு வாடகைக் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். மரப்பாலம் சிக்னலில் வண்டி நின்றதும் எஞ்சின் சத்தம் அடங்கிவிட்டது. பச்சை விழுந்து வண்டி நகர்ந்த பிறகும் சத்தமில்லை. "வண்டி ஆஃப் ஆயிடுச்சா தம்பி?" என்று அம்மா பதறினார். "இல்லம்மா, இது ஹைபிரிட்டு. இப்ப பேட்டரியில போவுது" என்றார் ஓட்டுநர். முருங்கப்பாக்கம் தாண்டி வேகம் பிடித்தபோதுதான் எஞ்சின் எழுந்தது. அதுவும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் கரகரப்பு இல்லாமல், தூக்கத்திலிருந்து தானாக விழித்த மாதிரி.

அந்தக் கார் மாருதி கிராண்ட் விட்டாரா. உள்ளே இருக்கும் ஹைபிரிட் ஏற்பாடு, அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து காரை ஓட்டும் அமைப்பு, டொயோட்டாவுடையது. 2022இல் அறிமுகமானபோது பெங்களூரு அருகே பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில், டொயோட்டாவின் ஹைரைடர் காரோடு சேர்ந்தே தயாரானது. சொந்தக் கடைக்கு எதிரே கடை போட்டவருக்கு ஒரு கம்பெனி ஏன் தன் கைப்பக்குவத்தைக் கொடுக்கிறது? அந்த ஹைபிரிட் ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்வி பாதி அவிழ்ந்துவிடும்.

அதைப் புரிந்துகொள்ள மஞ்சக்குப்பத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஷெட்டுக்குப் போய், கழற்றிப் போட்ட பழைய பேரிங் ஒன்று கேட்டேன். மெக்கானிக் அண்ணன் வேஸ்ட் துணியால் கிரீஸைத் துடைத்துக் கொடுத்தார். சிறுவயதில் பலகைக்குக் கீழே மாட்டி வண்டி ஓட்டினோமே, அதே பேரிங்தான். உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவில் குண்டுகள், குண்டுகளை வரிசையாகப் பிடித்திருக்கும் தகட்டுக் கூடு. வெளி வளையத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு உள் வளையத்தைச் சுற்றினால், கூடு அதே திசையில் மெதுவாக நகரும். கூட்டைப் பிடித்துக்கொண்டு வெளி வளையத்தைச் சுற்றினால், உள் வளையம் எதிர்த்திசையில் விறுவிறுவென்று ஓடும். மூன்றில் எந்த இரண்டின் வேகம் தெரிந்தாலும் மூன்றாவதன் வேகம் தானாக முடிவாகிவிடும்.

டொயோட்டா ஹைபிரிட்டின் இதயம் இதுதான். வழுக்கும் குண்டுகளுக்குப் பதில் அங்கே பற்சக்கரங்கள். பெயர் பிளானட்டரி கியர். கூட்டில் எஞ்சினைப் பூட்டியிருக்கிறார்கள். உள் சக்கரத்தில் ஒரு சின்ன மோட்டார். வெளி வளையத்தோடு பெரிய மோட்டாரும் கார் சக்கரங்களும். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டாவின் ப்ரியஸ் காரில் உள் சக்கரத்துக்கு 30 பற்கள், வெளி வளையத்துக்கு 78. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கார் நின்றபடி எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால், சின்ன மோட்டார் 3600 சுற்று சுற்றும். அப்போது அது ஜெனரேட்டராக மாறி பேட்டரியை நிரப்பும். எஞ்சின் நின்றிருக்க, பெரிய மோட்டார் மட்டும் காரை ஓட்டினால், சின்ன மோட்டார் பின்பக்கமாகச் சும்மா சுழலும். மரப்பாலத்தில் நடந்தது இதுதான். எஞ்சினை எழுப்ப வேண்டுமா? அந்தச் சின்ன மோட்டாரே கூட்டைச் சுற்றிவிடும். ஸ்டார்ட்டர் சத்தம் கேட்காததற்குக் காரணம், தனி ஸ்டார்ட்டரே இல்லை. கிளட்ச் இல்லை, ரிவர்ஸ் கியரும் இல்லை. பின்னால் போக வேண்டுமென்றால் பெரிய மோட்டார் திரும்பிச் சுற்றும். இவ்வளவு வேலையையும் இத்தனை குறைந்த பாகங்களில் முடித்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

பிரேக் போடும்போது பெரிய மோட்டாரும் ஜெனரேட்டராகிவிடும். ஆட்களோடு சேர்த்து 1500 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது இழக்கும் ஆற்றல், 75 வாட் மின்விசிறியை முக்கால் மணி நேரம் சுற்ற வைக்கப் போதும். சாதாரணக் காரில் அது முழுவதும் பிரேக்கில் சூடாகிப் போய்விடும். ஹைபிரிட்டில் ஒரு நல்ல பங்கு பேட்டரிக்குத் திரும்புகிறது. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று நின்று நின்று போகும் நம் கடலூர் சாலை இதற்கென்றே போட்டது போலிருக்கிறது.

சரி, இவ்வளவு எளிய அமைப்பை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாமே? சிக்கல் அந்தச் சின்ன மோட்டாரில் இருக்கிறது. எஞ்சின் தரும் முறுக்கு விசையில், அதாவது சுழற்றும் பலத்தில், சுமார் 72 சதவீதம் வெளி வளையத்துக்கும், 28 சதவீதம் உள் சக்கரத்துக்கும் போகும். உள்ளே அந்த 28-க்குச் சரியாக எதிர்த்து நிற்க ஆள் இருந்தால்தான் வெளியே 72 கிடைக்கும். சின்ன மோட்டார் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் எஞ்சின் வீணாக உறுமும், அதன் பலம் சக்கரங்களுக்கு முழுதாகப் போய்ச் சேராது. மேம்பாலம் ஏறும்போது, ஏசி ஓடும்போது, பேட்டரி சூடாக இருக்கும்போது, அதில் சார்ஜ் குறைவாக இருக்கும்போது என்று ஒவ்வொரு கணமும் எவ்வளவு எதிர்த்து நிற்க வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. பற்சக்கரத்தின் படத்தைக் காப்புரிமை ஆவணத்தில் பார்க்கலாம். பல வருடம் வண்டி ஓட்டிச் சேர்த்த அந்த அளவுகளை அதில் பார்க்க முடியாது. நம் வீட்டு வத்தக்குழம்புக்குச் செய்முறை எழுதிக் கொடுக்கலாம். புளி எவ்வளவு என்பதற்கு அம்மா "பார்த்துப் போடு" என்றுதான் சொல்வார்.

அதனால்தான் பகிர்வு பல விதமாக நடந்திருக்கிறது. நிசான் 2002இல் டொயோட்டாவோடு ஒப்பந்தம் போட்டு, தன் எஞ்சினோடு டொயோட்டாவின் ஹைபிரிட் பாகங்களைச் சேர்த்து ஆல்டிமா ஹைபிரிட்டை அமெரிக்காவின் சில மாநிலங்களில் மட்டும் விற்றது. மஸ்தா 2010இல் ஒப்பந்தம் போட்டு 2013இல் ஜப்பானில் ஆக்செலா ஹைபிரிட்டைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஃபோர்டு வழி வேறு: தானே உருவாக்கிய அமைப்பு டொயோட்டாவின் அமைப்பை ஒத்திருந்ததால், 2004இல் இரண்டு கம்பெனிகளும் காப்புரிமைகளைப் பரிமாறிக்கொண்டன.

2019 ஏப்ரலில் டொயோட்டா ஒரு பெரிய கதவைத் திறந்தது. 23,740 காப்புரிமைகளை 2030 முடியும் வரை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. கூடவே இன்னொன்றும் சொன்னது: அதைக் காரில் பொருத்தத் தொழில்நுட்ப உதவி வேண்டுமானால் கட்டணம் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது வரிதான். படம் இலவசம், பக்குவத்துக்கு விலை. இதில் நான் குறை காணவில்லை. மோட்டாரும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரும் லட்சக்கணக்கில் தயாரானால் ஒவ்வொன்றின் விலையும் இறங்கும். எதிர்க்கடைக்காரர் வாங்கினாலும் டொயோட்டாவின் சொந்தக் காருக்கும் அதே லாபம் கிடைக்கும்.

இதையெல்லாம் மெக்கானிக் அண்ணனிடம் சொன்னபோது அவர் கேட்டது வேறு. "மாருதி பானட்டைத் தொறந்தாலும் டொயோட்டா பானட்டைத் தொறந்தாலும் அதே ஆரஞ்சு கேபிள்தானா சார்?" ஆமாம், அதே உயர் மின்னழுத்த கேபிள்தான், பயிற்சியும் கையுறையும் இல்லாமல் தொடவே கூடாது. "அப்ப ஒரு வண்டியைக் கத்துக்கிட்டா ரெண்டையும் பார்க்கலாம்" என்றார். பகிர்வில் அவருக்குக் கிடைத்த பங்கு அது. கார் கம்பெனிகள் அந்தப் பயிற்சியையும் இப்படிப்பட்ட ஷெட்டுகள் வரை கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை.

பிறகு பேரிங்கைத் திரும்ப வாங்கி, கூட்டை விரலால் பிடித்துக்கொண்டு வெளி வளையத்தைச் சுற்றினார். உள் வளையம் பின்பக்கமாக ஓடியது. "இந்தச் சின்ன மோட்டார் செத்துட்டா?"

"எஞ்சினை எழுப்ப ஆள் இல்லைண்ணே. கணினி விட்டால் பெரிய மோட்டார் மட்டும் கொஞ்ச தூரம் இழுக்கும்."

"பேட்டரி எவ்ளோ?"

"0.76 யூனிட். அதையும் முழுசா காலி பண்ண விடாது."

கொஞ்ச நேரம் யோசித்தார். "முள்ளோடை பெட்ரோல் பங்கு வரைக்கும்கூடப் போய்ச் சேராது" என்று சொல்லிவிட்டு, பேரிங்கை மறுபடி கிரீஸ் டப்பா பக்கத்தில் வைத்தார்.