கேபிள் சார்ஜரிடம் சொல்லும் சேதி

சார்ஜரும் ஒன்று, போனும் ஒன்று; கேபிளை மட்டும் மாற்றினால் ஒன்றில் சீக்கிரம் நிரம்பும் பேட்டரி மற்றொன்றில் இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறதே, அதிலும் நூல் பின்னிய உறையும் தங்க நிற முனையும் கொண்ட விலை உயர்ந்த கேபிளே மெதுவாக இருக்கிறதே, இது எப்படி என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும். ஒன்று கம்பியின் தடிமன்; அதைப் பத்தாம் வகுப்பு இயற்பியலே விளக்கிவிடும். மற்றொன்று, கேபிளுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய கம்பியில், மின்சாரம் பாயத் தொடங்குவதற்கு முன்பே தொடங்கிவிடும் பேச்சுவார்த்தை. இந்த இரண்டாவது காரணத்தைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்புகிறேன்.

முதலில் தடிமன். செம்புக் கம்பிகளின் பருமனை ஏடபிள்யூஜி என்னும் எண்ணால் குறிப்பார்கள். எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 28 எண் கொண்ட கம்பிக்கு ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் மின்தடை உண்டு. 24 எண் கம்பிக்கு 0.084 ஓம்தான். மின்னோட்டம் போனுக்குச் சென்று சார்ஜருக்குத் திரும்பவும் வேண்டும் என்பதால், ஒரு மீட்டர் கேபிள் என்பது இரண்டு மீட்டர் கம்பி. அதன் வழியே 2 ஆம்பியர் பாய்ந்தால் மெல்லிய கம்பியில் 0.85 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். தடித்த கம்பியில் இழப்பு 0.34 வோல்ட். அதாவது சார்ஜர் 5 வோல்ட் கொடுத்தாலும் மெல்லிய கேபிளின் மறுமுனையில் 4.15 வோல்ட்தான் கிடைக்கும்.

இப்படிக் குறைந்தால் போன் சார்ஜ் ஆகாமல் நின்றுவிடுவதில்லை. உள்ளே வரும் மின்னழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே சரிவதைக் கண்டால், போனுக்குள் இருக்கும் சார்ஜிங் சில்லு தான் இழுக்கும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்னோட்டம் குறைந்தால் கம்பியில் ஏற்படும் இழப்பும் குறைந்து மின்னழுத்தம் மீண்டும் எழும். இரண்டும் ஒத்துப்போகும் புள்ளியில் சில்லு நிலைகொள்ளும். மோசமான கேபிள் பழுதாகத் தெரியாமல் மந்தமாக மட்டுமே தெரிவது இதனால்தான்.

கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அதே திறனை அதிக மின்னழுத்தத்தில் அனுப்பினால் மெல்லிய கேபிளிலும் சமாளிக்கலாம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 800 கிலோவோல்ட்டில் மின்சாரம் கொண்டுவரப்படுவதும் இதே கணக்கில்தான். பவர் டெலிவரி என்னும் பொது விதிமுறை 5, 9, 15, 20 வோல்ட் என்று படிப்படியாக ஏறுகிறது. 2021இல் அது 48 வோல்ட், 240 வாட் வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் 5 வோல்ட் மட்டுமே தாங்கும் பழைய ஹெட்போனுக்கு 20 வோல்ட் சென்றால் அது கருகிவிடும். எனவே மறுமுனையில் இருப்பது யார், எவ்வளவு கேட்கிறார் என்று சார்ஜர் முன்கூட்டியே அறிந்தாக வேண்டும்.

2014இல் வெளியான டைப்-சி இணைப்பு இதை அறிந்துகொள்ளும் விதம் எனக்கு அலுக்காத ஒன்று. சுவரில் மாட்டிய ஒரு முறையான டைப்-சி சார்ஜரின் வெற்றுத் துளையில் மின்னழுத்தத்தை அளந்தால், மின்சாரக் கம்பியில் எதுவும் இருக்காது; சார்ஜர் அந்தக் கதவைத் திறக்காமல் காத்திருக்கிறது. இணைப்பின் 24 தொடுமுனைகளில் சிசி எனப்படும் இரண்டில் மட்டும், ஒரு மின்தடையின் வழியாக, மிகச் சிறிய மின்னோட்டம் தயாராக நிற்கிறது. போனுக்குள் அதே இடத்தில் 5.1 கிலோ ஓம் மின்தடை ஒன்று தரையோடு, அதாவது மின்னோட்டம் திரும்பும் கம்பியோடு, இணைக்கப்பட்டிருக்கும். கேபிளைச் செருகியதும் சார்ஜரின் மின்தடையும் போனின் மின்தடையும் தொடராக இணைந்து, நாம் பள்ளியில் வரைந்த மின்னழுத்தப் பகுப்பான் ஆகிவிடுகின்றன. சார்ஜர் தன் பக்கத்தில், 5 வோல்ட்டோடு இணைந்த 56 கிலோ ஓம் மின்தடையை வைத்திருந்தால் நடுவில் ஏறத்தாழ 0.42 வோல்ட் தோன்றும். 22 கிலோ ஓம் என்றால் 0.94, 10 கிலோ ஓம் என்றால் 1.69. முதலாவதைக் கண்டால் பழைய யூஎஸ்பி அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது என்றும், இரண்டாவதைக் கண்டால் 1.5 ஆம்பியர் வரை, மூன்றாவதைக் கண்டால் 3 ஆம்பியர் வரை இழுக்கலாம் என்றும் போன் புரிந்துகொள்கிறது. நிரல் ஏதும் இல்லை, சில்லுகூடத் தேவையில்லை. மலிவான மின்தடைகளால் மட்டுமே ஆன உரையாடல் இது.

இதே ஏற்பாடு இன்னொரு வேலையையும் செய்துவிடுகிறது. துளையில் சிசி முனைகள் இரண்டு இருந்தாலும் கேபிளுக்குள் ஓடும் சிசி கம்பி ஒன்றுதான். எந்த முனையில் மின்னழுத்தம் தெரிகிறதோ அதைக் கொண்டு செருகி நேராக இருக்கிறதா, புரண்டிருக்கிறதா என்று சாதனம் கண்டுகொள்கிறது. எப்படிச் செருகினாலும் பொருந்தும் என்னும் வசதிக்குப் பின்னால் இருப்பது இதுவே. அதற்குப் பிறகு, 9 வோல்ட்டோ 20 வோல்ட்டோ வேண்டும் என்றால், அதே சிசி கம்பியில் நொடிக்கு 3 லட்சம் பிட் வேகத்தில் சார்ஜரும் போனும் எண்முறைச் செய்திகளாகப் பேரம் பேசுகின்றன.

பொய் நுழையும் இடமும் இதுதான். பழைய செவ்வக யூஎஸ்பி துளையில் சிசி முனையே கிடையாது. ஆகவே ஒருபுறம் பழைய முனையும் மறுபுறம் டைப்-சியும் கொண்ட கேபிளில், சார்ஜரின் சார்பாகப் பேச வேண்டிய மின்தடையைக் கேபிளின் செருகிக்குள்ளேயே புதைத்து வைக்கிறார்கள். சார்ஜர் எதுவாக இருக்கும் என்று தெரியாததால், அது மிகவும் அடக்கமான 56 கிலோ ஓமாகத்தான் இருக்க வேண்டும் என்பது விதி. டைப்-சி புதிதாக வந்த நாட்களில் பல தயாரிப்பாளர்கள் 10 கிலோ ஓமைப் பொருத்தினார்கள். போன் உடனே 3 ஆம்பியர் கிடைக்கும் என்று நம்பி, அரை ஆம்பியர் மட்டுமே தரவல்ல கணினித் துளையிலிருந்துகூட இழுக்க முயன்றது. கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015இல் இத்தகைய கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார். 2016 தொடக்கத்தில் அவர் சோதித்த ஒரு கேபிளில் மின்சாரக் கம்பியும் தரைக் கம்பியுமே இடம் மாறியிருந்தன. அவருடைய மடிக்கணினி பழுதாகிப்போனது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் அமேசான் விதிக்கு உட்படாத டைப்-சி கேபிள்களை விற்பனையிலிருந்து விலக்கியது. ஒரு தனி மனிதர் மின்மானியோடு உட்கார்ந்து செய்த வேலை ஒரு சந்தையையே திருத்தியது.

3 ஆம்பியருக்கு மேல் போக வேண்டுமானால் கேபிளும் பேச்சில் சேர வேண்டும். 5 ஆம்பியர் தாங்கும் கேபிளின் செருகிக்குள் இ-மார்க்கர் என்னும் சிறு சில்லு இருக்கும். தான் எவ்வளவு தாங்கும் என்பதைக் கேட்டால் சொல்லும். அந்தச் சில்லு இல்லாத டைப்-சி கேபிளுக்குச் சார்ஜர் 3 ஆம்பியருக்கு மேல் தராது. 2019இல் வெளிவந்த ராஸ்பெரி பை 4 கணினியில் இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. இரண்டு சிசி முனைகளுக்கும் தனித்தனியாக வைக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடையை, அதை வடிவமைத்தவர்கள் ஒன்றாகப் பகிர்ந்துவிட்டார்கள். சில்லுள்ள கேபிள் தன்னை அடையாளம் காட்ட ஏறத்தாழ 1 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வைத்திருக்கும்; இரண்டும் இணையாகச் சேர்ந்து 0.84 கிலோ ஓம் ஆயின. அந்த அளவு இரண்டு சிசி முனைகளிலும் தெரிந்ததால், சார்ஜர் ஏதோ ஒலிச்சாதனம் செருகப்பட்டிருக்கிறது என்று எண்ணி மின்சாரம் தர மறுத்தது. விலை கூடிய கேபிளில் இயங்காத கணினி, சில்லில்லாத சாதாரணக் கேபிளில் நன்றாக இயங்கியது.

கடைக்குப் போனால் எதைப் பார்ப்பது? நூல் பின்னிய உறை கேபிளை உராய்விலிருந்து காக்குமே தவிர உள்ளே உள்ள செம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தங்க முலாமும் அப்படியே: தொடுமுனை துருப்பிடிக்காமலிருக்க நல்ல இணைப்புகள் அனைத்திலும் மெல்லிய தங்கப் பூச்சு இருக்கும், வெளியே மின்னும் உலோகக் கூட்டுக்குத் தங்க நிறம் கொடுப்பது அலங்காரம் மட்டுமே. வாசகரின் கேபிள் மெதுவாக இருப்பதற்கு உள்ளே கம்பி மெல்லியதாக இருப்பதோ, செம்பு பூசிய அலுமினியம் இருப்பதோ காரணமாக இருக்கலாம். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் ஏறத்தாழ 61 விழுக்காடுதான். உறையில் 28/24 என்று அச்சிட்டிருந்தால் முதல் எண் தரவுக் கம்பிக்கும் இரண்டாவது மின்சாரக் கம்பிக்கும் உரியது. இரண்டாவது எண் 24 அல்லது அதற்குக் குறைவாக இருப்பது நல்லது. தேவைக்கு மேல் நீளம் வேண்டாம். இரு முனையும் டைப்-சி என்றால், செருகியின் மேல் 60 வாட் அல்லது 240 வாட் என்ற யூஎஸ்பி அமைப்பின் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீராதவர்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி அளவுமானியைப் போன் பக்கத்தில் பொருத்தி, சார்ஜ் ஆகும்போது எத்தனை வோல்ட் வந்து சேர்கிறது என்று பார்த்துவிடலாம்.

240 வாட் கேபிள் போட்டால் போன் வெடித்துவிடும் என்று அஞ்சுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேபிள் எதையும் தள்ளுவதில்லை. போன் கேட்பதைத்தான் சார்ஜர் தருகிறது. இந்திய தர நிர்ணய அமைப்பு டைப்-சிக்கான தரத்தை வெளியிட்டிருக்கிறது. ஆனால் பொதுப்பணத்தில் இயங்கும் ஆய்வகங்கள் கடைக் கேபிள்களை வாங்கி அறுத்துப் பார்த்து, ஒவ்வொன்றின் மின்தடையையும் பெயரோடு வெளியிட வேண்டும் என்பதே என் கருத்து. பெரிய ஆராய்ச்சி நிதி இதற்குத் தேவையில்லை.

ஒரு விதிவிலக்கு மட்டும் மீதமிருக்கிறது. ஒப்போ 2014இல் அறிமுகப்படுத்திய வூக் முறை மின்னழுத்தத்தை உயர்த்தாமல் 5 வோல்ட்டிலேயே ஏறத்தாழ 4 ஆம்பியர் அனுப்பியது. அதற்கென்றே தடித்த கம்பியும் கூடுதல் தொடுமுனையும் கொண்ட சொந்தக் கேபிள் வேண்டியிருந்தது. இவ்வழியைப் பின்பற்றும் போன்களில், எவ்வளவு தரமான பொதுக் கேபிளைப் போட்டாலும் அந்நிறுவனத்தின் உச்ச வேகம் கிடைக்காமல் போகலாம். எனவே போனுக்கான கேபிள் வாங்கும் முன், அது பவர் டெலிவரி முறையில் வேகமாக சார்ஜ் ஆகிறதா, நிறுவனத்தின் தனி முறையிலா என்று அதன் பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வகை என்றால் பெட்டியோடு வந்த கேபிளையோ அதே நிறுவனம் தனியாக விற்பதையோ பயன்படுத்துவதே வழி.