கடையை மூடுவது அவர்கள், ராஜினாமா எழுதுவது நீங்களா?

போன சனிக்கிழமை மதியம், தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கும் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தைப் பூட்டக் கிளம்பும் நேரத்தில் ஓர் அக்கா வந்தார். கையில் பழைய பிஸ்கட் டின். அதைத் திறந்து ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைத்தார். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய சம்பளச் சீட்டுகள், ஓரம் தேய்ந்த நேம் டேக், பத்தாண்டு சேவைக்குக் கொடுத்த சான்றிதழ். கடைசியாக, நான்காக மடித்த ஒரு தாள்.

தாளில் மலாயில் ஒரே ஒரு பத்தி. ‘சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.’ கீழே தேதி, அடையாள அட்டை எண், அவருடைய கையெழுத்து.

“என்னக்கா சொந்தக் காரணம்?” என்று கேட்டேன்.

“எனக்கு என்ன தம்பி சொந்தக் காரணம்? கடையத்தானே மூடிட்டாங்க!”

19 ஆண்டுகள் காலணிப் பிரிவில் நின்றவர். கடை மூடி 74 நாளாகியிருந்தது. இதே மாதிரியான கடிதத்தோடு இந்த மாதம் என் மேசைக்கு வந்த மூன்றாவது ஆள் இவர். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்தக் கடை, நான் இங்கே பெயர் சொல்லப்போகும் எந்த நிறுவனத்துடையதும் இல்லை.

பேரங்காடிகள் சரிவது கோலாலம்பூருக்குப் புதிதில்லை. ஜாலான் புத்ராவில் தி மால் திறந்து அதற்குள் யாவோஹான் வந்தபோது, தீபாவளித் துணி எடுக்க அங்கே போனதைச் சொல்லாதவர்கள் என் வயதில் குறைவு. 1997 செப்டம்பரில் யாவோஹான் ஜப்பானில் திவாலானது. கொஞ்ச காலத்தில் இங்கேயும் அந்தப் பெயர் மறைந்தது. மெட்ரோஜெயா இருந்த பி.பி. பிளாசாவை எம்.ஆர்.டி. ரயில் நிலையத்துக்காக 2015இல் இடித்தார்கள். 1858இல் சிங்கப்பூரில் தொடங்கிய ராபின்சன்ஸ், 162 ஆண்டுகளுக்குப் பிறகு 2020 அக்டோபர் 30ஆம் தேதி கடையைக் கட்டுவதாக அறிவித்தது. நம் ஊரில் தி கார்டன்ஸ் மாலிலும் ஃபோர் சீசன்ஸ் பிளேசிலும் இருந்த கடைகளும் அதோடு முடிந்தன. 1987இல் தொடங்கிய பார்க்சன் ஒரு காலத்தில் இந்நாட்டின் பேரங்காடித் தொழிலுக்கே மறுபெயராக இருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே பல கிளைகளை அது மூடிவிட்டது. 2005இல் கால் வைத்த வியட்நாமிலிருந்து 2023இல் திவால் மனுவோடு வெளியேறியது.

காரணங்களை நீட்டி முழக்கத் தேவையில்லை. உள்ளே கவுன்டர் வைத்திருந்த பிராண்டுகளெல்லாம் அதே மாலில் தனிக்கடை போட்டுவிட்டன. ஊர் முழுக்க மால் வந்துவிட்டது. வாங்குகிறவர்கள் கைப்பேசியில் வாங்குகிறார்கள். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவை படுத்துவிட்டன. மூடும் முடிவு வியாபார முடிவு. அதைத் தடுக்க நம்மால் முடியாது.

என் ஆத்திரம் கடை மூடுவதில் இல்லை. மூடும்போது வேலைக்காரர்கள் கையில் திணிக்கப்படும் அந்த ஒரு பத்தியில்தான்.

அக்கா நடந்ததைச் சொன்னார். கடைசி வாரத்தில் ஒரு நாள், ஸ்டாஃப் கன்டீனில் மேசை போட்டு எச்.ஆர். ஆட்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்களாம். பிரிவுவாரியாகக் கூப்பிட்டார்கள். “இதுல சைன் பண்ணுங்க, பண்ணுனாத்தான் கடைசிச் சம்பளம் இறங்கும், கூட 1,500 வெள்ளி அன்பளிப்பும் தருவோம்” என்றார்கள். “படிச்சுப் பாக்கலையாக்கா?” என்றேன். “பின்னாடி அத்தனை பேரு நின்னாங்க தம்பி. நின்னு வாசிக்க வெக்கமா இருந்துச்சு.”

இவருக்கு மலாய் தெரியாமல் இல்லை. என்னைவிட நன்றாகப் பேசுவார். வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று 19 ஆண்டுகளின் பணத்தை அந்த மேசையில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

எவ்வளவு பணம்? அவருடைய சம்பளம் மாதம் 2,100 ரிங்கிட். 12 மாதத்துக்கு 25,200. அதை 365ஆல் வகுத்தால் நாளுக்கு 69 ரிங்கிட் சொச்சம். 1980ஆம் ஆண்டின் பணிநீக்கப் பலன் விதிகளின்படி, ஓராண்டு முடித்து இரண்டாண்டுக்குள் இருப்பவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். அக்காவுக்கு 19 ஆண்டு, ஆக 380 நாள். 26,000 ரிங்கிட்டுக்கு மேல் வருகிறது. முன்னறிவிப்பு தராமல் நிறுத்தியிருந்தால் அதற்கான எட்டு வாரச் சம்பளம் தனி. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலைக் காப்புறுதியிலிருந்து வரும் உதவித்தொகை அதற்கும் தனி.

அவர் வாங்கி வந்தது 1,500.

திரும்பத் திரும்பச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடையை மூடினால் வேலையை முடித்தவர் முதலாளி. அதற்குப் பெயர் ஆட்குறைப்பு. நீங்கள் ராஜினாமா எழுதிக் கொடுத்தால், வேலையை முடித்தவர் நீங்கள். தானாகப் போனவருக்குப் பணிநீக்கப் பலன் கிடையாது. தானாகப் போனவருக்குப் பெர்கேசோவும் கொடுக்காது. கடை இழுத்து மூடியிருப்பதை ஊரே பார்த்தாலும், தாளில் உங்கள் கையெழுத்துக்கு மேலே ‘சொந்தக் காரணம்’ என்று இருந்தால், வழக்கில் முதலில் அந்தத் தாளைத்தான் நீட்டுவார்கள்.

‘சைன் பண்ணுனாத்தான் சம்பளம் வரும்’ என்பது பொய். உழைத்த நாளுக்கான சம்பளம் எந்தக் கடிதத்துக்கும் கட்டுப்பட்டதில்லை. வேலை முடியும் நாளுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். பணிநீக்கப் பலனை அதிலிருந்து ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும். இதற்கு ராஜினாமாவைக் கேட்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை.

‘ஆட்குறைப்புன்னு இருந்தா வேற எடத்துல வேலை கிடைக்காது’ என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. கடை மூடி வேலை போனதில் உங்களுக்கு என்ன களங்கம்? அடுத்த முதலாளிக்கும் அந்தக் கடை மூடியது தெரியும்.

இன்னொன்றைக் கேட்கும்போதுதான் மனசு கனக்கிறது. ‘கம்பெனியே கஷ்டத்துல இருக்கு தம்பி, நம்மளும் போய்ப் புடுங்கலாமா?’ இதைச் சொன்ன அக்காமார்கள் நிறையப் பேர். அந்தக் கடையைத் தங்கள் வீடாக நினைத்தவர்கள். நீங்கள் கேட்பது பிச்சை இல்லை. மாதாமாதம் நீங்கள் நின்ற காலின் கூலியில் கடைசிப் பகுதி அது.

என் அம்மா கோலசிலாங்கூர் பக்கத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறியபோது கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், ஒரு தாளைக் கொண்டுவந்தார். அம்மா பெருவிரலை மையில் தொட்டு வைத்தார். அதில் என்ன இருந்தது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த அந்தத் தலைமுறையின் பெண்பிள்ளைகள்தான் இந்தப் பேரங்காடிகளின் கவுன்டர்களில் சீருடை போட்டு நின்றார்கள். படித்தவர்கள். அழகாகக் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள். அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆற்றாமை.

ஏன் இந்தக் கடிதத்தை வாங்குகிறார்கள் என்று கேட்பீர்கள். ஆட்குறைப்பு செய்யும் முதலாளி 30 நாள் முன்னதாகவே தொழிலாளர் இலாகாவுக்குப் பி.கே. படிவம் அனுப்ப வேண்டும். எத்தனை பேர், எந்தத் தேதி, எவ்வளவு பலன் என்று அதில் எழுத வேண்டும். ராஜினாமா வாங்கிய தலைகள் அந்தக் கணக்கில் வராது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் வழக்கு வந்ததும் முதலில் கேட்பது அந்தப் படிவத்தைத்தான்.

வி.எஸ்.எஸ். எனப்படும் விருப்ப விலகல் திட்டம் வேறு. அதில் நிறுவனம் ஒரு தொகையை எழுத்தில் முன்வைக்கும், நீங்கள் சம்மதித்து விலகுவீர்கள். பெர்கேசோ அதை ஏற்கும். ஆனால் சட்டப்படி வரவேண்டியதைவிடக் கூடுதலாகத் தருகிறார்களா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு பிராண்டின் பொருளை விற்கப் புரொமோட்டராக நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் நிற்பது பேரங்காடியில் என்றாலும் உங்கள் முதலாளி அந்தப் பேரங்காடியாக இருக்க வேண்டியதில்லை. பிராண்டாக இருக்கலாம், ஏஜென்சியாக இருக்கலாம். ஊழியர் சேமநிதிக் கணக்கில் யார் பெயரில் பணம் ஏறுகிறதோ அவரைத்தான் நாம் கேட்க வேண்டும். கடை மூடிய பிறகு கடைக்காரரிடம் அலைந்து இரண்டு மாதத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சேமநிதிக் கணக்கை இப்போதே திறந்து பாருங்கள். ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் முந்தைய மாதப் பணம் ஏறியிருக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது குற்றம். மேல்மாடி விளக்கை அணைத்து வைப்பது, விற்ற சைஸுக்குப் புதுச் சரக்கு வராதது, சம்பளம் இரண்டு நாள் மூன்று நாள் தள்ளிப் போவது, இவையெல்லாம் நோட்டீஸுக்கு முன்பே கண்ணில் படுபவை. பட்டதும் ஆவணங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வருகைப் பதிவின் படம். கம்பெனி ஆப்பில் மட்டும் இருக்கும் பே ஸ்லிப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளன்று லாகின் போய்விடும்.

வேறு கிளைக்கு மாற்றுகிறோம் என்றால் வாயால் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு வராதீர்கள். பழைய வேலையைவிடக் குறையாத நிபந்தனைகளோடு வேலை தந்து, அதை நியாயமின்றி மறுத்தால் பலன் போய்விடும். மறுப்பதற்குக் காரணம் இருந்தால் எழுதிக் கொடுங்கள். இரவு பத்து மணிக்குக் கடை அடைத்து, கல்லா கணக்கு முடித்து, கடைசி ரயிலைப் பிடித்து வீடு சேர முடியாது என்பது காரணம்தான். அது எழுத்தில் இருக்க வேண்டும்.

நிறுவனமே கலைக்கப்பட்டால் கலைப்பு அதிகாரியிடம் உங்கள் பாக்கியைப் பதிந்துவிடுங்கள். சம்பளப் பாக்கிக்கு 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தில் 15,000 ரிங்கிட் வரை முன்னுரிமை உண்டு. வவுச்சர் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு அந்த முன்னுரிமை இல்லை. ஆகவே வீட்டில் வவுச்சர் கிடந்தால் இன்றைக்கே போய்ச் செலவழியுங்கள்.

நாள் கணக்குதான் இவை எல்லாவற்றையும்விட முக்கியம். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் பெர்கேசோவில் மனுப் போட வேண்டும். முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50 என்று அது இறங்கிக்கொண்டே போகும். வற்புறுத்தி ராஜினாமா வாங்கினார்கள், அது உண்மையில் பணிநீக்கம் என்று தொழிலுறவு இலாகாவில் முறையிடுவதற்கும் அதே 60 நாள்தான். அக்கா வந்தது 74ஆம் நாள். அந்த இரண்டு கதவும் அடைபட்டுவிட்டன. இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

தொழிலாளர் இலாகாவில் பணிநீக்கப் பலனைக் கேட்டு மனுப் போடும் வழி ஒன்று மிச்சமிருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு அந்த 1980 விதிகள் பொருந்தாது. அவர்கள் தங்கள் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும்.

உங்கள் முன்னால் தாளை நீட்டினால், “வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சிட்டு வர்றேன்” என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். சண்டை வேண்டாம், சத்தம் வேண்டாம். கொடுக்க மறுத்தால் கைப்பேசியில் ஒரு படம். அதற்கும் விடவில்லையென்றால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் பணம் எங்கும் போகாது. வீட்டில் அம்மாவோ அக்காவோ பேரங்காடியில் வேலை செய்தால், பிள்ளைகளே, இன்று இரவு சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லிவிடுங்கள். தயவுசெய்து.

அக்காவின் மனுவைத் திங்கட்கிழமை பதிந்தோம். ராஜினாமா தன் விருப்பத்தில் எழுதியதில்லை என்று அவர் நிரூபிக்க வேண்டும். அதற்கு அன்று கன்டீனில் என்ன சொன்னார்கள் என்று சொல்ல ஆள் தேவை. அந்த வரிசையில் பின்னால் நின்றவர்களில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், அவரை ஒரு முறை கூப்பிட்டுப் பேசுங்கள். அவருடைய எண் மாறவில்லை.