சுகாதாரக் காரணிகளா, குறைதவிர் காரணிகளா?

கும்பகோணத்தில் அரிசி ஆலை மேற்பார்வையாளர்களுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் அந்தச் சொல் மறுபடியும் காதில் விழுந்தது: ‘சுகாதாரக் காரணிகள்’. ஊழியர்களின் ஊக்கத்தைப் பற்றிய மேலாண்மைப் பாடத்தில் வரும் ‘ஹைஜீன் ஃபேக்டர்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் தமிழாக்கம் அது. சம்பளம், மேலதிகாரியின் நடத்தை, நிர்வாக விதிகள் எல்லாம் இதில் அடங்குமாம். பின்வரிசையிலிருந்து ஒருவர், “கழிப்பறை, குடிதண்ணி பத்தியா சார்?” என்று கேட்டார். அவர் மேல் தவறே இல்லை. தமிழில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள்.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது இது. பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்கர்களிடமும், வேலையில் எப்போது மிக மகிழ்ந்தீர்கள், எப்போது மிக வெறுத்தீர்கள் என்று கேட்டார்கள். வெறுப்புக்குச் சம்பளமும் மேற்பார்வையும் விதிகளும் காரணமாக வந்தன. மகிழ்ச்சிக்கோ சாதனை, பாராட்டு, பொறுப்பு, வேலையின் தன்மை. முதல் வகையைச் சரிசெய்தால் மனக்குறை போகும், ஆனால் ஊக்கம் பிறக்காது. நோய் வராமல் காக்கும் மருத்துவத் துறையை மனத்தில் வைத்து அதற்கு ‘ஹைஜீன்’ என்று பெயரிட்டார். அந்தச் சொல் கிரேக்கரின் நலத் தெய்வம் ஹைஜியாவின் பெயரோடு உறவுடையது.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறந்து முதலில் கண்ட சொல்லை எடுத்துக்கொண்டார்கள். சுகம், ஆதாரம் என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்தது சுகாதாரம். அது வடசொல் என்பதல்ல என் குறை. அது கேட்பவரைத் துப்புரவுப் பக்கம் இழுத்துப் போகிறது. ‘தூய்மைக் காரணிகள்’ என்று மாற்றிவிட்டுத் தனித்தமிழ் ஆக்கிவிட்டோம் என்று மகிழ்பவர்கள் அதே தவறைத்தான் தூய தமிழில் செய்கிறார்கள். ‘பராமரிப்புக் காரணிகள்’ கொஞ்சம் தேவலை, ஹெர்ஸ்பெர்க்கின் கருத்துக்கு அருகில் வருகிறது. ஆனாலும் ஆலையில் பராமரிப்பு என்றால் எந்திரத்துக்கு எண்ணெய் போடுவதுதான் நினைவுக்கு வரும்.

என் வாக்கு ‘குறைதவிர் காரணிகள்’ என்பதற்கு. குறை என்றால் இல்லாமை, மனத்தாங்கல் இரண்டும்தான். தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ‘விவசாயிகள் குறைதீர்க்கும் நாள்’ கூட்டத்தால் அந்தப் பொருள் எல்லாருக்கும் பழக்கம். கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டால் விவசாயி மனு எழுத மாட்டார், அவ்வளவுதான். தண்ணீர் வந்ததற்காகப் புது ரகம் போட்டுப் பார்க்கும் துணிச்சல் தானாக வந்துவிடாது. அப்போ ‘குறைதீர்’ என்றே வைக்கலாமே என்பார்கள். கூடாது. தீர்ப்பது வந்த பின், தவிர்ப்பது வருமுன். ஹெர்ஸ்பெர்க் சொன்னது தவிர்ப்பதைத்தான்.

சொல் தவறினால் நிர்வாகமும் தவறுகிறது. கூலியை இழுத்தடித்துக்கொண்டே சோப்பும் துண்டும் கொடுத்துவிட்டு, சுகாதாரக் காரணி முடிந்தது என்று குறித்துக்கொள்ள இந்தப் பெயர் இடம் கொடுக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் சொன்ன, மனிதத் தேவைகளைப் படிப்படியாக வைத்துப் பார்க்கும் ‘தேவைகளின் அடுக்கு’க்கும் இதே கதிதான். அதன் உச்சியில் இருக்கும், தன்னுள் இருக்கும் திறனை முழுதாக மலரச் செய்ய வேண்டும் என்ற தேவையைத் ‘தன்னிறைவு’ என்று எழுதுகிறார்கள். தன்னிறைவு என்றால் பிறரை எதிர்பாராமல் இருப்பது. உணவு உற்பத்தியில் நாடு தன்னிறைவு பெறும். ஓர் ஊழியர் பெற விரும்புவது அதுவல்ல. ‘தன்திறன் மலர்ச்சி’ என்று எழுதினால் பின்வரிசைக்காரருக்கும் உடனே புரியும்.