தடுப்பூசி ஃப்ரிட்ஜுக்குத் தூரத்துக் காவல்

பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் சூடானால் வீரியம் குறையும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போன்ற சிலவற்றுக்குச் சூட்டைவிட உறைந்துபோவதுதான் பெரிய ஆபத்து. வீரியம் போன மருந்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பதும் கடினம். சனிக்கிழமை மாலை கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் போகும் நர்ஸுக்கு, ஞாயிறு இரவு 2 மணிக்கு அந்த ஃப்ரிட்ஜ் எப்படி இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

முறையாகக் கண்காணிக்கப்படும் தடுப்பூசி ஃப்ரிட்ஜைத் திறந்தால், மருந்துக் குப்பிகளுக்கு நடுவே ஒரு சின்ன பாட்டிலைப் பார்க்கலாம். உள்ளே கிளைக்கால் என்ற திரவம். அதில் சூட்டை அளக்கும் ஒரு மெல்லிய உலோக முனை மூழ்கியிருக்கும், அதிலிருந்து ஒரு ஒயர் வெளியே போகும். முனையை ஏன் சும்மா தொங்கவிடவில்லை? கதவைத் திறந்ததுமே உள்ளே இருக்கும் காற்று சூடாகிவிடும். குப்பிக்குள் இருக்கும் மருந்து அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. நமக்குத் தெரிய வேண்டியது மருந்தின் சூடு. அதனால் முனையையும் ஒரு குப்பிக்குள் இருப்பதுபோலவே வைத்துவிட்டார்கள். எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்த பகுதி இந்த பாட்டில்தான்.

முனைக்குள் இருப்பது பெரும்பாலும் தெர்மிஸ்டர். குளிரக் குளிர அதன் மின்தடை ஏறும். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் இருக்கும் ஒன்று, 5 டிகிரியில் சுமார் 25 கிலோ ஓம் காட்டும். வெளியே சுவரில் மாட்டியிருக்கும் பெட்டி அந்தத் தடையை அளந்து டிகிரியாக மாற்றுகிறது. அந்தப் பெட்டியும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். அதற்கென ஒரு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்), உலாவியில் திறந்து பார்க்க ஒரு வலைப்பக்கம், நுழைய ஒரு பாஸ்வேர்டு, எல்லாம் உண்டு.

சரி, அதை வீட்டிலிருந்து எப்படிப் பார்ப்பது? கருவியின் முகவரி 192.168 என்று தொடங்கும். அது அடுக்ககத்தில் ஃப்ளாட் எண் மாதிரி. 3பி என்று மட்டும் எழுதினால் கடிதம் வந்து சேராது, ஊரில் எத்தனையோ 3பி இருக்கும். வெளியே தெரியும் முகவரி ரவுட்டருடையது. உள்ளிருந்து யாராவது கேட்டதற்கு வரும் பதிலை அது உள்ளே அனுப்பும், தானாக வந்து தட்டுபவரை அனுப்பாது.

இங்கேதான் பலரும் குறுக்கு வழியில் இறங்குகிறார்கள். ரவுட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது எண் போட்ட ஒரு நுழைவாசலைத் திறந்து, வருகிறவர்களை எல்லாம் நேராகக் கருவிக்கே அனுப்பிவிடுகிறார்கள். ஐந்து நிமிட வேலை. “நம்ம ஃப்ரிட்ஜைத் தேடி யார் வரப்போகிறார்கள்?” என்று ஒரு தைரியம். யாரும் தேடி வர வேண்டியதே இல்லை. பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். அத்தனை கதவையும் ஒரே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்கலாம் என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013லேயே செய்து காட்டினார்கள். தட்டுகிற புரோகிராமுக்கு நீங்கள் யார் என்றே தெரியாது, எது திறக்கிறது என்பதுதான் அதற்குக் கணக்கு.

2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அலிக்விப்பா என்ற சிற்றூரின் குடிநீர் வாரியத்தில் இதுதான் நடந்தது. நீரழுத்தத்தைக் கவனித்துச் சீராக்கும் ஒரு கருவிக்குள் வெளியாட்கள் புகுந்து, திரையில் தங்கள் அறிவிப்பைப் போட்டுவிட்டார்கள். ஊழியர்கள் தானியங்கி முறையை நிறுத்திவிட்டுக் கையால் இயக்கினார்கள். குடிநீருக்குப் பாதிப்பு இல்லை. அந்த வகைக் கருவிகள் 1111 என்ற பாஸ்வேர்டோடு விற்பனைக்கு வந்தவை. அதை மாற்றுங்கள், இணையத்திலிருந்து நேராக எட்ட முடியாதபடி வையுங்கள் என்று அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு எல்லோருக்கும் சொல்ல வேண்டி வந்தது. ஏழு வருடம் முன்பே, 2016இல், மிராய் என்ற தீநிரல் அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்திருந்தது. எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்பதை இனி அனுமதிக்கவே கூடாது என்பது என் கருத்து. பிரிட்டன் வீட்டு உபயோகக் கருவிகளுக்கு 2024 ஏப்ரலில் அப்படிச் சட்டமே கொண்டுவந்துவிட்டது.

நல்ல வழி இரண்டு உண்டு. ஒன்று, கதவையே திறக்காமல் கருவியை வெளியே பேசவைப்பது. 1999இல் பாலைவன எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க எம்க்யூடிடி என்ற பேச்சு முறையை உருவாக்கினார்கள். கருவியே புரோக்கர் எனப்படும் நடு சர்வருக்குத் தொடர்பு எடுத்து, “இப்போது 4.8 டிகிரி” என்று சொல்லும். நர்ஸின் போனும் அதே புரோக்கரிடம் கேட்டுக்கொள்ளும். இந்தப் பேச்சைக் குறியாக்கம் செய்தே, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றியே அனுப்ப வேண்டும். அதை அமைப்பில் நாம்தான் இயக்கிவைக்க வேண்டும்.

இரண்டாவது, விபிஎன் சுரங்கம், அதாவது இணையத்துக்குள்ளேயே குறியாக்கத்தோடு போகும் ஒரு தனிப் பாதை. உதாரணத்துக்கு வயர்கார்டு என்ற புரோகிராம். இதற்கும் ஒரு போர்ட் திறக்கத்தான் வேண்டும். ஆனால் சரியான சாவியோடு (ரகசியக் குறியீட்டோடு) வராத தகவல் பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது, ‘நீ யார்’ என்றுகூடக் கேட்காது. தட்டிப் பார்ப்பவருக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. சாவி உள்ள போன் மட்டும் உள்ளே போய், கிளினிக்கிலேயே உட்கார்ந்திருப்பதுபோலப் பக்கத்தைத் திறக்கும்.

அப்புறம், உள்ளேயும் கொஞ்சம் கவனம் வேண்டும். காத்திருப்போர் வைஃபையில் இந்தக் கருவியைச் சேர்க்கக் கூடாது. நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்க உதவும் எஸ்என்எம்பி முறையின் பழைய பதிப்புகளில் பெரும்பாலும் ‘பப்ளிக்’ என்ற சொல்லே பாஸ்வேர்டாக இருக்கும், அதுவும் குறியாக்கம் இல்லாமல் போகும். மூன்றாம் பதிப்புக்கு மாற்றிவிடுங்கள். சூட்டைப் பார்க்க மட்டும் வேண்டியவருக்கு அமைப்பை மாற்றும் உரிமை தேவையில்லை.

எல்லாம் சரி, கரண்ட்டே போய் ரவுட்டரும் அணைந்துவிட்டால்? எம்க்யூடிடியை உருவாக்கியவர்கள் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். இணையும்போதே கருவி புரோக்கரிடம் ஒரு உயிலைக் கொடுத்துவைக்கலாம். ஆங்கிலத்திலும் அதற்கு உயில் என்றுதான் பெயர். ‘என்னிடமிருந்து 60 விநாடிக்கு ஒரு முறையாவது ஏதாவது வரும், வராவிட்டால் இந்தச் செய்தியை எல்லோருக்கும் சொல்லிவிடு’ என்பது அதன் சாரம். அந்த இடைவெளியைப்போல ஒன்றரை மடங்கு நேரம் புரோக்கர் காத்திருக்கும். ஞாயிறு இரவு 2 மணிக்குக் கரண்ட் போனால், ஒன்றரை நிமிடத்தில் நர்ஸின் போன் அடிக்கும். கிளைக்கால் பாட்டில் அப்போதும் 5 டிகிரியில்தான் இருக்கும்.