வெள்ளைவால் மான் தன் குட்டியை ஒளித்து வைக்கும் மூன்று வாரங்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் காட்டில், ஜூன் முதல் வாரம். ஒரு பெண் மான் ஆளைக் கண்டும் ஓடவில்லை. முப்பது நாற்பது மீட்டர் தள்ளி நின்று முன்னங்காலால் தரையை ஓங்கித் தட்டுகிறது, மூக்கால் சீறுகிறது, நாலடி ஓடிவிட்டுத் திரும்பி நின்று பார்க்கிறது. இதைக் கண்டவர் அப்படியே நின்று முதலில் தன் காலடியைப் பார்க்க வேண்டும். குட்டி பக்கத்தில்தான் எங்கோ படுத்திருக்கிறது. வேறு மாதமாக இருந்தால் அதே மான் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு எப்போதோ மறைந்திருக்கும்.

இலையுதிர்கால வேட்டைக்கு மாதங்களுக்கு முன்பே காடு பார்க்கப் போவது அங்கே வழக்கம். உதிர்ந்த கொம்புகளைத் தேடுவார்கள். ஆண் மான் கொம்பால் உரசிய மரங்களையும் குளம்பால் கீறிய தரையையும் குறித்துக்கொள்வார்கள். பரண் கட்ட மரம் பார்ப்பார்கள். மே மாத நடுவுக்குள் முடிக்க வேண்டிய இந்த வேலை ஜூனுக்குத் தள்ளிப்போனால், மான்களின் பேறுகாலத்துக்குள் நுழைந்துவிடுகிறோம்.

நாள் கணக்கு எளிது. வெள்ளைவால் மானின் சினைக்காலம் ஏறக்குறைய 200 நாள். வடக்கு மாநிலங்களில் இணைசேர்க்கை நவம்பர் நடுவில் உச்சத்தில் இருக்கும். நவம்பர் 12-இல் சினையான மான் மே 31 வாக்கில் ஈனும். பகல் நீளம் குறைவதை வைத்தே உடல் இந்தப் பருவத்தைத் தொடங்குகிறது. அதனால் ஆண்டுக்கு ஆண்டு தேதி பெரிதாக மாறாது. தெற்கே போனால் இந்தக் கணக்கு உதவாது. அலபாமாவின் பல பகுதிகளில் இணைசேர்க்கை ஜனவரியில் நடக்கிறது, குட்டிகள் ஜூலை, ஆகஸ்டில் பிறக்கின்றன. எந்த ஊரில் காடு பார்க்கிறோமோ, அந்த ஊரின் இணைசேர்க்கை உச்சத்தோடு 200 நாளைக் கூட்டிப் பார்ப்பதே சரி.

வடக்கில் பெரும்பாலான குட்டிகள் இரண்டு மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடுவதற்குக் காரணம் உண்டு. கொயோட்டி என்ற ஓநாய் இனத்துச் சிறு விலங்கும், கருங்கரடியும், பாப்கேட் என்ற காட்டுப்பூனையும் ஒரு நாளில் தின்னக்கூடியது இவ்வளவுதான். பிறப்பு மூன்று மாதத்துக்குப் பரவியிருந்தால் அவற்றுக்குத் தொடர்ந்து இரை கிடைக்கும். ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கில் பிறந்தால் பல குட்டிகள் தப்பித்துவிடும்.

பிறக்கும்போது குட்டியின் எடை இரண்டிலிருந்து மூன்றரை கிலோ. தலைச்சன் ஈற்றில் பெரும்பாலும் ஒன்று. வளர்ந்த தாய் நல்ல மேய்ச்சலில் இருந்தால் இரட்டை. ஈனும் நாள் நெருங்கும்போது தாய் தனக்கென்று ஓர் இடம் பிடித்து, சென்ற ஆண்டுக் குட்டிகளைக்கூட விரட்டிவிடும். மே கடைசியில் ஒரு வயது மான்கள் திக்குத் தெரியாமல் சாலையோரம் அலைவதைப் பார்த்தால், அந்தச் சுற்றுவட்டாரத்தில் தாய்மான்கள் ஈனும் இடம் பிடித்துவிட்டன என்று கொள்ளலாம்.

நஞ்சுக்கொடியைத் தாய் தின்றுவிடும், குட்டியை நக்கித் துடைக்கும். அதன்பின் செய்வது நமக்கு விசித்திரமாகத் தோன்றும். குட்டியை ஓரிடத்தில் விட்டுவிட்டு விலகிப் போய்விடும். வளர்ந்த மானின் உடம்பு பெரியது, வாடை அதிகம். குட்டியின் பக்கத்திலேயே நின்றால் மோப்பம் பிடித்து வரும் கொயோட்டிக்கு வழிகாட்டியது போலாகும். ஆகவே ஒரு நாளில் சில முறை மட்டும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். வரும்போதெல்லாம் குட்டியின் பின்புறத்தை நக்கும்; அந்தத் தூண்டலில்தான் குட்டி மலமும் சிறுநீரும் கழிக்கும். அவற்றைத் தாயே விழுங்கிவிடுவதால் படுக்கையில் வாடை தங்காது. புழுக்கை தேடிக் குட்டி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முயல்வது வீண் வேலை. பால் குடித்தபின் குட்டி வேறிடம் போய்ப் படுக்கும். எந்தப் பக்கம் என்று தாய் கூட்டிப்போனாலும், எந்தப் புதர் என்று தேர்ந்தெடுப்பது குட்டிதான். இரட்டைக் குட்டிகள் முதல் வாரங்களில் தனித்தனியாகப் படுக்கும். ஒன்று பிடிபட்டாலும் மற்றது பிழைக்கும்.

குட்டியின் உடம்பில் ஏறத்தாழ முந்நூறு வெள்ளைப் புள்ளிகள் உண்டு. இலை இடுக்கில் விழும் வெயில் திட்டுகளோடு அவை கலந்துவிடும். செம்பழுப்பு நிறம் பச்சைப் புல்லில் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியலாம். நாய் இனத்து விலங்குகளுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வராது. (கிண்டியிலும் முதுமலையிலும் நாம் பார்க்கும் புள்ளிமானுக்குப் புள்ளி ஆயுள் முழுக்க இருக்கும். வெள்ளைவால் மான் குட்டிக்கு மூன்று நான்கு மாதத்தில், குளிர்கால ரோமம் முளைக்கும்போது மறைந்துவிடும்.)

ஆபத்து நெருங்கும்போது குட்டி தலையைத் தரையோடு ஒட்டி, காதுகளைப் பின்னால் மடித்துக்கொள்கிறது. மூச்சு மெலிகிறது. இதயத்துடிப்பு ஏறுவதற்குப் பதிலாகச் சட்டென்று இறங்குகிறது. பாதிக்கும் கீழே போனதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். இது பயத்தால் வரும் மயக்கமில்லை, பிறவியிலேயே வந்த தற்காப்பு. முதல் வாரத்தில் இது உறுதியாக இருக்கும். கால் வலுப்பெறப் பெற, படுத்திருப்பதைவிட எழுந்து ஓடுவது மேல் என்று குட்டியின் உடல் முடிவை மாற்றிக்கொள்கிறது. மூன்று நான்கு வாரத்தில் தாயின் பின்னால் நடக்கத் தொடங்கும்.

இதே தற்காப்பு வைக்கோல் புல் வயலில் உயிரைப் பறிக்கிறது. முதல் அறுப்பு விழும் மே கடைசியும் ஜூனும்தான் குட்டிகள் அசையாமல் படுத்திருக்கும் காலம். அறுவை இயந்திரம் வரும் சத்தத்தில் குட்டி இன்னும் இறுக்கமாகத் தரையில் ஒட்டிக்கொள்ளும். வயலை நடுவிலிருந்து வெளிப்புறமாக அறுத்தால் ஓடக்கூடிய பிராணிகள் தப்பும், ஓடாத குட்டிக்கு அது போதாது. அறுப்புக்கு முந்தைய மாலை கம்புகளில் பிளாஸ்டிக் பைகளைக் கட்டிப் படபடக்க விட்டால், மிரண்ட தாய் இரவில் குட்டியை வெளியே கூட்டிப்போக வாய்ப்புண்டு. ஜெர்மனியில் ரோ மான் என்ற சிறிய மானின் குட்டிகளுக்காக வெப்பக் கேமரா பொருத்திய ட்ரோனைப் பறக்க விடுகிறார்கள். விடியற்காலையில்தான் அது பயன்படும். வெயில் ஏறியபின் மண்ணும் கல்லும் சூடாகி, திரையில் எல்லாமே குட்டி போலத் தெரியும்.

காட்டில் எதிர்பாராமல் குட்டியின் மேல் கண் பட்டுவிட்டால், வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும். இரட்டையின் மற்றொன்று இன்னொரு புதரில் இருக்கலாம். நடந்து வந்த தடத்தில் குட்டி இல்லை என்பது மட்டும்தான் நமக்கு நிச்சயம். நாயை அவிழ்த்து விடக் கூடாது. கைபேசி வரைபடத்தில் இடத்தைக் குறித்துக்கொண்டு, சில வாரங்களுக்கு அந்தப் பகுதியை விட்டுவிட வேண்டும். முட்டளவு புல், பெரணிக்காடு, காட்டு விளிம்பு, மரம் வெட்டியபின் புதர் மண்டிய இடம் ஆகியவை குட்டி படுக்கத் தோதானவை. ஜூனில் இவற்றுக்குள் போகாமல் இருப்பதே மேல். கருங்கால் உண்ணியின் இளம்பருவமும் இதே மாதங்களில்தான் மிகுதி. லைம் நோயைப் பரப்பும் அந்த உண்ணி கசகசா அளவே இருப்பதால், கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தெளித்த துணி உடுத்துவது அவசியம்.

மனிதக் கை பட்டால் தாய் குட்டியைக் கைவிட்டுவிடும் என்ற நம்பிக்கை தவறு. ஆய்வாளர்கள் கையுறை போட்டுக் குட்டியை எடை பார்த்து, வளர வளர விரியும்படி தைத்த கழுத்துப்பட்டை மாட்டிவிட்டுப் போகிறார்கள். தாய் திரும்பி வந்து பால் கொடுக்கிறது. தனியாகக் கிடப்பதை அநாதை என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கிப் போவதுதான் பெரிய கேடு. மான் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல் இரு மடங்குக்கு மேல். பசும்பால் கொடுத்த குட்டி வயிற்றுப்போக்கில் துவண்டுவிடும். பல மாநிலங்களில் இது சட்டப்படி குற்றமும்கூட. அமைதியாகச் சுருண்டு படுத்திருக்கும் குட்டிக்கு உதவி தேவையில்லை. நாள் முழுக்கக் கத்தி அலைவது, உடம்பில் நீர் வற்றிக் காது நுனி சுருண்டிருப்பது, ஈ மொய்ப்பது, பக்கத்தில் தாய் செத்துக் கிடப்பது ஆகியவையே உண்மையான அபாயக் குறிகள். அப்போதும் வனவிலங்குத் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டுமே தவிர, தூக்கக் கூடாது.

வரும் ஆண்டுகளில் எத்தனை மான் இருக்கும் என்பதை ஜூனில் எண்ண முடியாது. குட்டிகள் ஒளிந்திருப்பதால் மரத்தில் கட்டிவைக்கும் தானியங்கிக் கேமராவில் தாய் மட்டுமே விழும், கணக்கு பொய்யாகக் குறையும். ஆகஸ்ட், செப்டம்பரே அதற்கு ஏற்றது. குட்டி தாயோடு நடக்கும், புள்ளியும் இன்னும் இருக்கும். விஸ்கான்சின் இயற்கை வளத் துறை பொதுமக்கள் கண்ட தாய், குட்டி எண்ணிக்கையை ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 30 வரை சேகரிப்பதும் இதனால்தான். கேமராவை இடுப்பளவுக்குச் சற்றுக் கீழே, வடக்குப் பார்த்துக் கட்டினால் வெயில் கூசாது, சின்னக் குட்டியும் படத்துக்குள் விழும். இரண்டு வாரப் படங்களில் பெண் மான் 120 முறை, குட்டி 70 முறை வந்திருந்தால் விகிதம் ஒரு பெண் மானுக்கு ஏறத்தாழ 0.58 குட்டி. ஒரே குடும்பம் பல முறை வந்தாலும் தாயும் குட்டியும் சேர்ந்தே வருவதால், எண்ணிக்கை பிழைத்தாலும் விகிதம் அவ்வளவாகப் பிழைக்காது. விகிதம் ஆண்டுக்கு ஆண்டு சரிந்தால், அந்த இலையுதிர்காலத்தில் பெண் மான்களைக் குறைவாகச் சுடுவது நல்லது.

அக்டோபருக்குள் புள்ளி போய்விடும், பரணிலிருந்து பார்ப்பவருக்குக் குழப்பம் தொடங்கும். வளர்ந்த பெண் மானின் முகம் நீண்டிருக்கும், உடம்பு நீள்சதுரமாகத் தெரியும். அந்த ஆண்டுக் குட்டிக்கு முகம் குட்டை, உடம்பு சதுரம். வெட்டவெளிக்கு முதலில் தனியாக வந்து நிற்கும் சிறிய மான் பல நேரம் ஆண் குட்டி. காதுகளுக்கு நடுவே தலை தட்டையாக, கொம்பு முளைக்கும் இரண்டு புடைப்புகளோடு இருக்கும். இரண்டு மூன்று மான்கள் சேர்ந்து நின்று உயரத்தை ஒப்பிட முடிகிறவரை விசையில் விரல் வைக்கக் கூடாது.